கொடைக் கமிட்டித் தலைவருக்கு, பாஸ்டன் தேயிலை விஷயமாக

கராமா, துபாய்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

சிற்றாங்குளம் முப்பிடாதி அம்மன் கொடை விழாக் கமிட்டியின் நிரந்தரத் தலைவரும், என் மனைவியைப் பெற்றவருமான உயர்திரு உமாபதி மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் கௌரிசங்கர் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், பிருந்தா, ரக்ஷிதா மூவரும் ஏசியின் தயவில் சுகம். அங்கே உங்கள் முழங்கால், அத்தையின் சர்க்கரை, கமிட்டியின் ஒற்றுமை மூன்றும் கட்டுக்குள் இருக்க அம்மன் அருள் புரியட்டும். போன வாரம் வீடியோவில் நம் பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது ஊரில் கரண்ட் போய்விட்டது. அதற்குச் சற்று முன்பு, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாப்ள, கூட்டத்துல வாசிக்கேன்" என்று சொல்லியிருந்தீர்கள். எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மருமகன் எழுதியது என்று நினைக்காமல் வரி கட்டுகிறவன் எழுதியது என்று நினைத்து வாசிக்க வேண்டும். நடுவில் கோபம் வந்தால் மட்டும் மருமகன் எழுதியது என்று நினைத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டு ஒவ்வொன்றும் கொடைக்கு வரி கொடுத்தாக வேண்டும் என்பது நம் ஊர்ச் சட்டம். அதில் தகராறு இல்லை. ஆனால் வளைகுடாவில் இருக்கும் தலைகளுக்கு மட்டும் இரட்டை வரி என்று இந்த வருஷம் புதிதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு மட்டும் என்ன இரண்டு தலையா, மாமா? இருக்கிற ஒன்றிலேயே முடி கொட்டிக்கொண்டிருக்கிறது. சரி, பொறுத்தோம். அதற்கு மேல், தலைக்கு ஐந்து கிலோ 'கொடை டீத்தூள்' கட்டாயம் வாங்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். அத்தையின் தம்பி, நம் கூடலூர்ச் சித்தப்பா, டீத்தூள் வியாபாரத்தில் இறங்கி, குடோன் நிறைய விற்காத சரக்கோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. அம்மனுக்கும் டீத்தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், லாபத்தில் பாதி கோயிலுக்கு என்கிறீர்கள். அதையும் பொறுத்திருப்போம். மூன்றாவதாக, எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் சித்திரையில் நடந்துவந்த கொடையை இந்த வருஷம் ஆடிக் கடைசிச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டீர்கள். யாரைக் கேட்டுத் தள்ளினீர்கள்? தள்ளியதுதான் தள்ளினீர்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆவணிக்குத் தள்ளியிருக்கக் கூடாதா?

நான் எனக்காகக் கேட்கவில்லை. தெற்குத் தெரு வேலுச்சாமிக்காகக் கேட்கிறேன். அவன் இங்கே சைட்டில் ஏசி டக்ட் மாட்டுகிற வேலை, கேம்பில் வாசம். அவன் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு தரும், அதுவும் ஆவணியில்தான் தரும், இந்த ஆவணி அவன் முறை. இங்கே வந்ததிலிருந்து அவன் ஒரு கொடைக்கும் வரி பாக்கி வைத்ததில்லை, ஒரு கொடையையும் கண்ணால் பார்த்ததுமில்லை. அவன் மகள் பானுப்பிரியா வருஷா வருஷம் முளைப்பாரி எடுக்கிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கல்யாணமாகாத பெண்கள்தான் நம் ஊரில் பாரி எடுப்பது என்பதால், அவளுக்கு இதுதான் கடைசிக் கொடை. "எம்மவ தலையில பாரியோட வாரத இந்த ஒரு தடவ நேர்ல பாத்துரணும் அண்ணாச்சி. எம் பொண்டாட்டி மீனாம்பா போனப் புடிச்சா வாய்க்கு மேல படமே வர மாட்டேங்கு. இத்தன வருசமா அவ தாவாக்கட்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவன் சொன்னான்.

இதற்குள் அமெரிக்கா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் பேத்தி வழியாக வந்தது. ரக்ஷிதாவின் பள்ளியில் ஒரு பட்டிமன்றம். அந்தக் காலத்தில் இங்கிலாந்து தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரி போட்டது சரியா தவறா என்று தலைப்பு. இவளுக்குக் குலுக்கலில் இங்கிலாந்து கட்சி விழுந்தது. எதிர்க்கட்சிக்கு வீட்டில் ஆள் வேண்டும், பிருந்தா முடியாது என்றுவிட்டாள், ஆகவே அலுவலகம் விட்டு வந்து லுங்கி மாற்றியதும் நான் அமெரிக்காவாக இருந்தேன். இருக்க வேண்டும் என்றால் படிக்க வேண்டுமே. படித்தேன். இங்கிலாந்துக்காரன் பிரான்சோடு சண்டை போட்டுக் கஜானாவைக் காலி பண்ணிவிட்டு, உங்களைக் காப்பாற்றத்தானே சண்டை, நீங்களும் கொடுங்கள் என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வரி போட்டான். முதலில் சர்க்கரைப் பாகுக்கு. அப்புறம் முத்திரை வரி. பத்திரத்துக்கு முத்திரை, செய்தித்தாளுக்கு முத்திரை, சீட்டுக்கட்டுக்குக்கூட முத்திரை. அவர்கள் ரகளை பண்ணியதும் மறு வருஷமே அதை ரத்து பண்ணினான். ரத்து பண்ணின கையோடு, 'இப்போது விட்டுவிட்டோம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் போட எங்களுக்கு உரிமை உண்டு' என்று ஒரு சட்டத்தையும் போட்டு வைத்தான். மன்னிக்கவும் மாமா, இந்த இடத்தில் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது.

அதோடு நிற்கவில்லை. கண்ணாடி, பெயின்ட், காகிதம், டீ என்று மறுபடி வரி. மறுபடி ரகளை. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு டீ வரியை மட்டும் கௌரவத்துக்காக வைத்துக்கொண்டான். அப்போது பார்த்து அவனுடைய கம்பெனி ஒன்று குடோன் நிறைய விற்காத தேயிலையோடு முழித்துக்கொண்டிருந்தது. அதை அமெரிக்காக்காரன் தலையில் கட்ட ஏற்பாடு. இதைப் படித்ததும் நான் பிருந்தாவைக் கூப்பிட்டு, "உன் கூடலூர் மாமா அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்" என்று காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த டீ விலை மலிவு. ஆனாலும் அவர்கள் வாங்க மாட்டேன் என்றார்கள். எங்கள் ஆள் ஒருத்தன்கூட உட்காராத சபையில் எங்களுக்கு வரி எப்படிப் போடலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு லண்டனிலிருந்து வந்த பதில், சபையில் இருப்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறார்கள் என்பது. மாமா, நான் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இரட்டை வரி பற்றி நான் முதல் தடவை போனில் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உங்களுக்குப் பதிலா உங்க அண்ணன் கூட்டத்துல உக்காந்திருந்தாருல்லா மாப்ள" என்றீர்கள். என் அண்ணன் உட்கார்ந்திருந்தது வாஸ்தவம். விழித்திருந்தாரா என்று விசாரித்தீர்களா?

இந்தச் சமயத்தில்தான் லீவு முடிந்து மணிமாறன் ஊரிலிருந்து வந்து இறங்கினான். வேலுச்சாமியோடு அதே ரூமில் இருக்கும் பையன், கம்பெனி வேறு, உங்களுக்குத் தெரியும். அவன் பெட்டியில் அவன் சாமான் என்று சொல்ல ஒரு பனியன்கூட இல்லை, முழுக்க உங்கள் டீத்தூள். எடை கூடிவிட்டது என்று ஏர்போர்ட்டில் நிறுத்தியதும், கமிட்டி சரக்கில் கை வைக்கப் பயந்து, தன் அம்மா கொடுத்த முறுக்கு டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு சட்டையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு துபாய் வெயிலில் வந்து இறங்கியிருக்கிறான். அவனைப் பார்த்ததும் வேலுச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. நான் வேறு சும்மா இருக்காமல் பாஸ்டன் கதையைச் சொல்லித் தொலைத்தேன். ராத்திரியோடு ராத்திரியாக வேஷம் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறி, பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைக் கேட்டதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "நமக்கு கிரீக் பக்கத்துலதான அண்ணாச்சி இருக்கு, யல்லா, கெளம்புங்க" என்றான். அந்த உப்பங்கழித் தண்ணீரில் ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டாலே முனிசிபாலிட்டி அபராதம் தீட்டிவிடும் என்று விளக்கி அவனை உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. புரட்சி என்றால் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும். பிருந்தா சூப்பர்மார்க்கெட்டுக்குப் போன சமயம் பார்த்து, எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியைப் பாஸ்டன் துறைமுகமாக வைத்துக்கொள்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மணிமாறன் வேஷத்துக்காகச் சைட் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

என் பங்கு ஐந்து கிலோவைத் தொட்டியில் கொட்டினோம். குழாயைத் திறந்தோம். மாமா, பாஸ்டனில் அப்போது மார்கழிக் குளிர். இங்கே ஆனி மாதம். மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவதே வெந்நீர்தான் என்பது இத்தனை வருஷம் அதில் குளிக்கும் எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி நிறைய டீ. அதுவும் எப்பேர்ப்பட்ட டீ! அந்த நிறம், அந்த வாசம்! வேலுச்சாமி ஒரு விரலைத் தொட்டு நக்கிவிட்டு, "துரோகி சரக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றான். தூள் போய் அடைத்துத் தண்ணீர் போக மறுத்தது. வாட்ச்மேன் மீராசாவைக் கூப்பிட்டோம். அவர் குச்சியை விட்டுக் குத்தினார். எங்கேயோ 'களக்' என்று ஒரு சத்தம் கேட்டது, தொட்டி காலியாகத் தொடங்கியது, நாங்கள் மூவரும் கை தட்டினோம். தட்டிய கையை எடுப்பதற்குள் கீழ் ஃபிளாட் அஃப்னா வாசலில் நிற்கிறாள், காயல்பட்டினத்துப் பெண். பிருந்தாவும் அதே லிஃப்டில் பையோடு வந்து இறங்குகிறாள். "பிருந்தாக்கா, எங்க பாத்ரூம் சீலிங்ல இருந்து டீ சொட்டுது" என்றாள் அஃப்னா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடாமல், "அது என்ன தூளுக்கா? வாசம் அவ்ளோ நல்லாயிருக்கு. எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் கட்டடத்தில் லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். நான் குடிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருக்கும் டீக்கு நானே ஏஜென்ட் ஆகிவிட்டேன்.

சபதம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். வரி பேசி முடியும் வரை எங்களில் யாரும் எந்த டீயும் தொடுவதில்லை என்று வேலுச்சாமி தீர்மானம் கொண்டுவந்தான். கொடை டீயை மட்டும் ஒதுக்கினால் போதாதா என்றேன். "டீங்குற பேரே நம்ம வாயில வரப்படாது" என்றுவிட்டான். அமெரிக்காவில் அப்போது காப்பிக்கு மாறிக்கொண்டார்கள் என்று படித்திருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள் எனக்குத் தலை வெடித்தது. சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மெட்ரோ ஸ்டேஷன் பின்பக்கத்துக் கஃபட்டீரியாவுக்குப் போய் ஒரு கரக் சாயா சொல்லிவிட்டு, மூலையில் போய் உட்காரலாம் என்று திரும்பினால், அந்த மூலையில் ஏற்கெனவே வேலுச்சாமி உட்கார்ந்திருந்தான், கையில் கப்போடு. கேம்பிலிருந்து பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறான், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று. நான் அவனைப் பார்க்கவில்லை, அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு கப் குடித்தோம். பில்லை அவன் கொடுத்தான்.

போன ஞாயிறு வீடியோக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் என் தரப்பில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஐந்து நாள் உட்கார்ந்து தயாரித்த பேச்சை நான் ஆரம்பித்து, "எங்கள் ஆள் இல்லாத சபையில்" என்ற இடத்துக்கு வந்தபோது, பின்னாலிருந்து உங்கள் பேத்தி, "தாத்தா, மே ஐ?" என்றாள். பட்டிமன்றத்துக்கு மனப்பாடம் பண்ணின மொத்தத்தையும் என் மேலேயே இறக்கிவிட்டாள். "அப்பா, உங்க ஸ்ட்ரீட்ல லைட் போட்டது யாரு? டிரெய்னேஜ் கட்டினது யாரு? ஊர்ல இருக்கறவங்க டாக்ஸும் குடுத்து வேலையும் செய்றாங்க. நீங்க டாக்ஸ் மட்டும்தான் குடுக்கறீங்க. சோ, ஆக்சுவலி, நீங்கதான் கம்மி" என்றாள். ஊர்ப் பக்கம் கைதட்டல். "எம் பேத்தி பேசுததக் கேட்டியளா மாப்ள! வரியக் கெட்டிட்டு மறுவேலயப் பாருங்க" என்று நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. மாமா, உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. மறுநாள் பள்ளியிலும் அவளுக்கே முதல் பரிசு.

ஆனால் அதற்கப்புறம் வேலுச்சாமி போனைப் பிடுங்கினான் இல்லையா, அதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. "தலைவரே, ரெட்ட வரி என்ன, மூணு வரியாப் போடுங்க, கெட்டுதேன். டீத்தூளும் வாங்குதேன். போடுததுக்கு முன்ன ஒரு போனப் போட்டு, ஏல வேலு, ஒனக்கு எப்பம்ல லீவுன்னு கேட்டிருக்கலாம்லா? ஒரு வார்த்த. அவ்வளவுதான தலைவரே" என்றான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். கரண்ட் போய்விட்டது. தானாகப் போனதா, யாராவது மெயினை அணைத்தார்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. வரியைக் குறைக்க வேண்டாம். டீத்தூளும் வரட்டும், ஆனால் மணிமாறன் அம்மாவின் முறுக்குக்கு இடம் விட்டு வரட்டும். இனிமேல் ஊர்க்கூட்டம் கூடும்போது நடுவில் ஒரு செம்பில் போனைச் சாத்தி வையுங்கள், அதில் நாங்கள் இருப்போம், கை தூக்கச் சொல்லும்போது எங்கள் கையையும் எண்ணுங்கள். இந்த வருஷக் கொடையை ஆவணி மூன்றாம் செவ்வாய்க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்துவிட்டுக் கராமாவிலேயே தனிக் கொடை வைப்போம். பார்க்கில் பொங்கல் வைக்க அனுமதி உண்டா என்று மணிமாறன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

அத்தைக்கு என் வணக்கம், மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். கூடலூர்ச் சித்தப்பாவுக்கு, கொட்டியதற்கு என் வருத்தமும், தரத்துக்கு என் பாராட்டும். என் அண்ணனை அடுத்த கூட்டத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார வைக்க வேண்டாம். சிறியவர்களுக்கு ஆசி, பெரியவர்களுக்குச் சாஷ்டாங்கம், அம்மன் எல்லார் வாசலிலும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு என்றும் கட்டுப்பட்ட மருமகன்,
கௌரிசங்கர்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் ஒரு வரிகூடக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். கடிதத்தைப் பிருந்தாவிடம் படித்துக் காட்டினேன். யாரைக் கேட்டு ஆடிக்குத் தள்ளினீர்கள் என்ற இடம் வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "என்னக் கேட்டுத்தான். சித்திரையில இவளுக்கு ஸ்கூலு. கல்யாணமாயி வந்தப்புறம் ஒரு கொடைக்காவது போயிருக்கனா? ரக்ஷிதா ஒரு தடவயாவது பாரி எடுக்கட்டும்னுதான் அப்பாட்ட கெஞ்சி ஆடி லீவுல வைக்கச் சொன்னேன். டிக்கெட்டும் போட்டாச்சி. ஆவணியில ஸ்கூல் தொறந்துரும், நாங்க எப்படிப் போவ?" என்றாள். டிக்கெட் விவகாரமெல்லாம் அவள் இலாகா என்பதால், சுதந்திர வேகத்தில் நான் காலண்டரையே பார்க்கவில்லை. எங்களைக் கேட்கவே இல்லை என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன், கேட்கப்பட்ட ஒரே ஆள் என் வீட்டிலேயே தோசை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆகவே கொடை ஆடியிலேயே நடக்கட்டும், இரட்டை வரி சம்மதம், டீத்தூள் பத்துக் கிலோ அனுப்பவும், அஃப்னா கேட்கிறாள்.

இதுவரை எழுதிவிட்டுக் கவரை ஒட்டப் போனேன். பிருந்தா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கடிதத்தைப் பிரித்து, வேலுச்சாமி மகளைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மறுபடி படித்தாள். அப்புறம், "ரக்ஷிதாவுக்கு அடுத்த வருசம் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இல்ல. வேலுச்சாமி அண்ணன் போயிப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அதனால் இந்தப் பின்குறிப்பை மட்டும் விட்டுவிட்டு, மேலே உள்ளதை அப்படியே கூட்டத்தில் வாசியுங்கள் மாமா, சத்தமாக வாசியுங்கள். கையெழுத்துகளையும் சேர்த்து வாசியுங்கள். என் பேருக்கு மேலே, முதலாவதாக இருப்பது உங்கள் மகள்.